புதுப் போனில் பழைய ஸ்மார்ட் வாட்ச் சேரவில்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெருமாள்புரத்தான்

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அம்மாவின் வாட்ச் பற்றிய கேள்வி இது. நடைக்கணக்குப் பார்க்கவும், போன் மணி காதில் விழாவிட்டால் கையில் அதிர்ந்து சொல்லவும் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தோம். நடுத்தர விலை. புளூடூத்தில் பேசும் வசதியும் உண்டு. பழைய போனோடு நன்றாகவே ஓடியது. பொங்கலுக்கு அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கினோம், ஆண்ட்ராய்டு 14. அதில் வாட்சின் செயலியை நிறுவி, சாதனத்தைச் சேர்க்கச் சொன்னால் சுற்றிக்கொண்டே இருக்கிறது; பட்டியலில் வாட்சின் பெயர் வரவே இல்லை. புளூடூத் அமைப்புக்குள் போய்த் தேடியபோது எப்போதோ ஒருமுறை பெயர் வந்தது. தொட்டதும் இணைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது.

வாட்சில் நேரம் ஓடுகிறது, சார்ஜ் ஏறுகிறது. ஒரு கடையில் கேட்டதற்கு, வாட்ச் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வாட்ச்தான் பழக்கம். நான் வார இறுதியில்தான் ஊருக்குப் போக முடியும். அதுவரை போனில் பேசியே ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்ல வேண்டும்.


கேடிசி நகர் வாசகர்

வாட்சை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். போனில் நெட்வொர்க் ரீசெட் கொடுங்கள். தீர்ந்துவிடும்.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

தம்பி, தயவுசெய்து ரீசெட்டில் தொடங்காதீர்கள். என் மேசைக்கு வரும் வாட்சுகளில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் ரீசெட் செய்துவிட்டு, அதன் பிறகும் சேராமல் வருபவைதான். வாட்சை ரீசெட் செய்தால் அதற்குள் சேர்ந்திருக்கும், இன்னும் போனுக்குப் போகாத நடைக்கணக்கும் தூக்கக் கணக்கும் அழிந்துவிடும். போனில் நெட்வொர்க் ரீசெட் கொடுத்தால் வைஃபை கடவுச்சொற்கள், காரின் புளூடூத், காதில் மாட்டும் கருவி என்று சேமித்த இணைப்புகள் எல்லாம் போய்விடும். இதை வயதான ஒருவரிடம் போனில் சொல்லிச் செய்ய வைத்தால், அடுத்த நாள் வைஃபையும் வேலை செய்யாமல் அவர் தவிப்பார். அது கடைசிப் படி. அங்கே போகாமலேயே தீர்ந்துவிடும் கோளாறுதான் பெரும்பாலும்.

முதலில் நடப்பது என்னவென்று தெரிய வேண்டும். வாட்சும் போனும் முதல் முறை சேரும்போது இரண்டும் பேசி ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, ஆளுக்கொன்று வைத்துக்கொள்கின்றன. பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை இரண்டு பங்காளிகளும் வைத்துக்கொள்வதைப் போல. ஒருவரிடம் இருக்கும் நகலை மட்டும் கிழித்துவிட்டால் மற்றவர் பழைய பத்திரத்தையே நீட்டிக்கொண்டிருப்பார். போனில் மட்டும் வாட்சை நீக்கிவிட்டு வாட்சில் நீக்காவிட்டாலும், வாட்சை மட்டும் ரீசெட் செய்துவிட்டுப் போனில் பழைய பெயரை விட்டுவைத்தாலும், பெயர் பட்டியலில் வரும், தொட்டால் சேராது.

அதனால் உங்களிடம் சில கேள்விகள். பழைய போன் இப்போது எங்கே இருக்கிறது? அதில் புளூடூத் அணைந்திருக்கிறதா? அந்தப் போனில் வாட்சின் செயலி இன்னும் இருக்கிறதா? புதுப் போனில் செயலி முதலில் திறந்தபோது கேட்ட அனுமதிகளுக்கு அம்மா என்ன கொடுத்தார்கள்?


பெருமாள்புரத்தான்

பழைய போன் வீட்டிலேயேதான் இருக்கிறது, அண்ணாச்சி. அக்கா மகன் பாடம் பார்க்க வைத்துக்கொண்டான். அழிக்கவெல்லாம் இல்லை, சிம்மை மட்டும் எடுத்திருக்கிறோம். புளூடூத் எப்போதும் போட்டபடிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அனுமதி கேட்டபோது அம்மா எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார்கள். தெரியாத எதற்கும் சம்மதம் கொடுக்காதே என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், பண மோசடிக்குப் பயந்து.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

அம்மா செய்தது நல்ல பழக்கம். அதை மாற்ற வேண்டாம். இந்த ஒரு செயலிக்கு மட்டும் நாம் பார்த்துப் பார்த்துக் கொடுப்போம்.

உங்கள் வாட்ச் கெடவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். அது இன்னும் மருமகன் கையில் இருக்கும் பழைய போனோடு சேர்ந்திருக்கிறது. எந்தப் போனோடும் சேராத வாட்ச், நான் இங்கே இருக்கிறேன் என்று ஓயாமல் சிறுசிறு அறிவிப்புகளை ரேடியோ அலையில் விட்டுக்கொண்டிருக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்தில், அது 2010இல் புளூடூத் 4.0 வந்தபோது அறிமுகமானது, மொத்தம் 40 அலைவரிசைகள் உண்டு. அவற்றில் 3 மட்டும் இந்த அறிவிப்புக்கு. புதுப் போன் தேடும்போது கேட்பது இந்த மூன்றைத்தான். ஒரு போனோடு சேர்ந்ததும் பெரும்பாலான வாட்சுகள் அறிவிப்பை நிறுத்திவிடுகின்றன. அப்புறம் புதுப் போன் எத்தனை நேரம் தேடினாலும் பெயர் கிடைக்காது. எப்போதோ ஒருமுறை பெயர் வந்ததாகச் சொன்னீர்களே, அப்போது பையன் பழைய போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பான்.

போனில் அம்மாவிடம் இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். வரிசை முக்கியம்.

முதலில் பழைய போனை வாங்கி, அதிலுள்ள வாட்ச் செயலியைத் திறந்து, சாதனத்தை நீக்கும் இடத்தில் நீக்கச் சொல்லுங்கள். நேராகச் செயலியையே அழித்துவிடக் கூடாது. உள்ளே போய் நீக்கினால்தான் பல வாட்சுகள் தங்கள் பக்கத்துச் சாவியையும் விட்டுவிடுகின்றன. பிறகு அதே போனின் புளூடூத் பட்டியலில் வாட்சின் பெயர் இருந்தால் அதையும் நீக்க வேண்டும். பேசும் வசதியுள்ள வாட்ச் என்பதால் இரண்டு பெயர்கள் இருக்கலாம், இரண்டையும் நீக்குங்கள். அதன் பிறகு அந்தப் போனின் புளூடூத்தை அணைத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து புதுப் போன். அதிலும் புளூடூத் பட்டியலில் ஏதாவது தங்கியிருந்தால் நீக்குங்கள். செயலியின் அனுமதிகளைத் திறந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்பதை அனுமதியுங்கள். ஆண்ட்ராய்டு 12 வந்த 2021 முதல் புளூடூத்தில் தேடுவதற்கு இந்த அனுமதிதான் கதவு. அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளில் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது, இருப்பிடத்தையும் போட்டு வைக்க வேண்டும். சில செயலிகள் புது ஆண்ட்ராய்டிலும் அதைக் கேட்கின்றன. கேட்டால் இணைக்கும் நேரத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

வாட்சை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். கடைசியாக, செயலிக்குள்ளிருந்தே சேருங்கள். புளூடூத் அமைப்புக்குப் போய் அங்கே வாட்சின் பெயரைத் தொட வேண்டாம். அங்கே சேர்ந்துவிட்டால் செயலிக்குள் வராமல் முரண்டு பிடிக்கும் வாட்சுகள் நிறைய உண்டு.


பெருமாள்புரத்தான்

மருமகன் பள்ளி விட்டு வந்ததும் செய்யச் சொல்கிறேன். அவனே படித்துச் செய்துவிடுவான். மிக்க நன்றி அண்ணாச்சி.


வள்ளியூர்க் காற்றாலை

இதே இழையில் என் கேள்வியையும் வைக்கிறேன். நான் பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கோபுரத்தில் ஏறும்போது போன் கீழே வண்டியில் இருக்கும். மேலே போனதும் இணைப்பு அறுந்துவிடுவது சரிதான், அவ்வளவு உயரம். ஆனால் இறங்கி வந்த பிறகும் தானாகச் சேர்வதில்லை. செயலியைத் திறந்தால்தான் சேர்கிறது. இரவில் போன் திரை அணைந்து கொஞ்ச நேரமானாலும் அதே கதை: அழைப்பு வந்தாலும் வாட்ச் அசையாது. கூட வேலை செய்பவர்கள் காற்றாலை மின்சாரம்தான் புளூடூத்தைக் கெடுக்கிறது என்கிறார்கள். என் படிப்புக்கு அது பொருந்தவில்லை. மின்கட்டத்தில் ஓடும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ். வீட்டிலும் இதேதான் நடக்கிறது.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

உங்கள் கணக்குச் சரி. காற்றாலை காரணம் என்றால் வள்ளியூர் வீட்டில் நடக்கக் கூடாது.

இங்கே குறுக்கே நிற்பது போனின் பேட்டரிச் சேமிப்பு. வாட்சின் செயலி பின்னணியில் உயிரோடு இருந்தால்தான் மீண்டும் சேரவும் அறிவிப்பை அனுப்பவும் முடியும். திரை அணைந்ததும் போன் அதை நிறுத்திவிடுகிறது. சீனக் கம்பெனிப் போன்களில் இந்த நிறுத்தல் மிகக் கடுமை. செயலியின் மேல் அழுத்திப் பிடித்து அதன் தகவல் பக்கத்துக்குப் போய், பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் போனில் 'தானாகத் தொடங்குதல்' என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் போடுங்கள். இல்லாவிட்டால் போனை அணைத்துப் போட்ட பிறகு செயலி எழாது. சமீபத்திய செயலிகளின் வரிசையைத் திறந்து வாட்ச் செயலிக்குப் பூட்டுப் போடும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் மேலே தள்ளித் துடைத்துவிடும் பழக்கம் உள்ளவர்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். துடைக்கும்போதே வாட்சின் தொடர்பையும் அறுத்துவிடுகிறீர்கள்.

போன் மென்பொருள் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்ட பிறகு இந்த அமைப்புகள் சில சமயம் பழையபடி மாறிவிடும். திடீரென்று அறிவிப்பு நின்றால் முதலில் இங்கே பாருங்கள்.

கோபுரத்தின் மேல் இருக்கும் நேரத்து நடைக்கணக்குப் பற்றிக் கவலை வேண்டாம். அது வாட்சின் நினைவகத்தில் இருக்கும். கீழே வந்து சேர்ந்ததும் போனுக்குப் போய்விடும்.


வள்ளியூர்க் காற்றாலை

போட்டுவிட்டேன். நாளை வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.


பாளை நடையர்

வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறேன். வாட்சில் அடிக்கணக்கு வருகிறது, ஆனால் நடந்த பாதை வரைபடத்தில் வருவதில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். இதுவும் இணைப்புக் கோளாறா?


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

கோளாறு இல்லை, ஐயா. உங்கள் வாட்சுக்குள் ஜிபிஎஸ் இல்லை என்று தெரிகிறது. அப்படிப்பட்ட வாட்ச் போனின் ஜிபிஎஸ்சைக் கடன் வாங்கித்தான் பாதை வரையும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால் வரும். அடிக்கணக்கு மட்டும் போதும் என்றால் இப்போது செய்வதே சரி.


பெருமாள்புரத்தான்

சேர்ந்துவிட்டது! பழைய போனில் நீக்கியதுமே புதுப் போனில் பெயர் வந்துவிட்டதாம். மருமகன் சொன்னான், அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன என்று. நேரமும் நடைக்கணக்கும் வந்துவிட்டன. கடையில் போய்விட்டது என்று சொன்ன வாட்ச் இது என்பதை நினைத்தால் மனது ஆறவில்லை. ஓய்வூதியத்தில் ஓடும் வீட்டில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயை வீணாகச் செலவழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு குறை உண்டு. அழைப்பு வந்தால் வாட்ச் அதிர்கிறது, பெயரும் வருகிறது. வாட்சில் எடுத்தால் குரல் போனிலேயே கேட்கிறது. முன்பு வாட்சிலேயே பேசுவார்கள்.


தென்காசிச் சாரல்

இது எனக்கு வந்து தீர்ந்தது, அதனால் சொல்கிறேன். பேசும் வசதியுள்ள வாட்சுக்குள் இரண்டு வகைப் புளூடூத் வேலை செய்கிறது. நடைக்கணக்கும் அறிவிப்பும் குறைந்த மின்சாரப் புளூடூத்தில் போகின்றன. குரல் பழைய வகைப் புளூடூத்தில் போகிறது, காதில் மாட்டும் கருவிக்குப் போவது போன்ற இணைப்பு அது. முதலாவது செயலி வழியாகச் சேரும். இரண்டாவதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சில செயலிகளே இணைக்கட்டுமா என்று கேட்கும், சிலவற்றில் வாட்சின் அமைப்புக்குள் அழைப்புப் புளூடூத் என்ற ஒன்றைப் போட்டுவிட்டு, அதன் பிறகு போனின் புளூடூத் பட்டியலில் போய்ச் சேர்க்க வேண்டும். சேர்ந்ததும் அந்தப் பெயரின் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தொட்டு, 'ஃபோன் அழைப்புகள்' என்பது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'மீடியா ஆடியோ' என்பதை அணைத்து வைத்தால் வீடியோ பார்க்கும்போது ஒலி வாட்சுக்கு ஓடாது.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

சாரல் சொன்னது மிகச் சரி. செயலிக்குள்ளேயே சேருங்கள் என்று நான் முன்பு சொன்னது முதல் இணைப்புக்கு. குரலுக்கு இது இரண்டாம் படி. செயலி சேர்ந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.


பெருமாள்புரத்தான்

வாட்சுக்குள் அழைப்புப் புளூடூத் அணைந்திருந்தது. போட்டதும் பேச முடிகிறது. சாரலுக்கும் நன்றி. ஆனால் அம்மா கொல்லைக்குப் போனால் அறுந்துவிடுகிறது என்கிறார்கள். போன் முன்கட்டில் சார்ஜில் இருக்கும்.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

கல்லிடைக்குறிச்சி அக்ரகார வீடு என்றால் திண்ணையிலிருந்து கொல்லைவரை எத்தனை கட்டு, எத்தனை கனமான சுவர்! இந்த வகை வாட்சுக்குச் சுமார் 10 மீட்டர் என்று எழுதியிருப்பது தடையில்லாத வெளிக்கு. சுவர் ஒவ்வொன்றும் அதைக் குறைக்கும். மனித உடலும் குறைக்கும், உடலில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். போனை வீட்டின் நடுவே, இரண்டாம் கட்டில் ஓரிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் எட்டும். இரும்புப் பீரோவின் மேலோ, வைஃபை பெட்டியை ஒட்டியோ வேண்டாம். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்சில் ஓடினால் இரண்டும் ஒரே இடத்தைப் பங்கு போடும். புளூடூத் நெரிசலான அலைவரிசைகளை விட்டு விலகித் தாவிக்கொள்ளும் திறன் உள்ளது, ஆனாலும் பக்கத்திலேயே வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. வைஃபை பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதில் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது.


கேடிசி நகர் வாசகர்

நான் முதலில் சொன்ன ரீசெட் தேவைப்படாமல் முடிந்ததில் மகிழ்ச்சி. ஆனாலும் கேட்கிறேன், எப்போதுதான் ரீசெட் செய்யலாம்?


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் நீக்கி, அனுமதிகளைக் கொடுத்து, இரண்டையும் அணைத்துப் போட்டு, வேறொரு போனிலும் சேர்த்துப் பார்த்து, அதிலும் வரவில்லை என்றால் வாட்சை ரீசெட் செய்யலாம். வேறொரு போனில் சேர்ந்துவிட்டால் கோளாறு உங்கள் போனில். அப்போது போனின் செயலிகள் பட்டியலில் சிஸ்டம் செயலிகளையும் காட்டச் சொல்லி, புளூடூத் என்பதன் சேமிப்பகத்தில் தற்காலிகச் சேமிப்பை மட்டும் அழித்து, போனை அணைத்துப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் நெட்வொர்க் ரீசெட். அதற்கு முன் வைஃபை கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்சுகளுக்கான கூகுளின் இயங்குதளம் வேர் ஓஎஸ். அது ஓடும் பழைய வாட்சுகளில் மட்டும் போன் மாற்றினாலே வாட்சை ரீசெட் செய்ய வேண்டியிருந்தது. 2023இல் வந்த வேர் ஓஎஸ் 4 முதல் ரீசெட் இல்லாமல் புதுப் போனுக்கு மாற்றும் வழி உண்டு.


உவரிக்கரை

என் வாட்ச் காலையில் சேர்ந்திருக்கும், மாலையில் சேராது, மறுநாள் சேரும். வாரக் கணக்கில் இப்படி. போன், செயலி எல்லாம் பார்த்தாயிற்று. மீன் ஏலக்கூடத்தில் வேலை.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

வாட்சைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். சார்ஜ் ஏறும் இரண்டு முனைகளிலும் பச்சையோ கருப்போ படிந்திருக்கிறதா? கடற்கரை ஊர்களிலிருந்து வரும் வாட்சுகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வியர்வையும் கடற்காற்றின் உப்பும் முனையை அரித்துவிடும். சார்ஜ் ஏறுவது போலக் காட்டும், முழுதாக ஏறியிருக்காது. பேட்டரி மிகக் குறைந்ததும் சில வாட்சுகள் புளூடூத்தை முதலில் அணைத்துவிட்டு நேரத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மாலைக் கோளாறு அதுவாக இருக்கலாம்.


உவரிக்கரை

ஆமாம், பச்சையாக இருக்கிறது. கத்தியால் சுரண்டலாமா?


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

வேண்டவே வேண்டாம். உப்புத்தாளும் வேண்டாம். முனைகளின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. அது போனால் அரிப்பு இன்னும் வேகமாக ஏறும். வாட்சை அணைத்துவிட்டு, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சமாகத் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். போகாவிட்டால் மென்மையான பழைய பல்துலக்கியால் தேயுங்கள். சார்ஜரின் முனைகளையும் துடைக்க வேண்டும், அதை மறந்துவிடுவார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள். இனிமேல் வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் வாட்சின் பின்பக்கத்தைத் துடைத்து, உலர்த்திவிட்டுச் சார்ஜ் போடுங்கள். தூசும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் ஐபி68 தரக்குறி பெட்டியில் போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் ஆகாது.


வள்ளியூர்க் காற்றாலை

இன்று இரண்டு முறை ஏறி இறங்கினேன். கீழே வந்து வண்டியை நெருங்கியதும் தானாகவே சேர்ந்துவிட்டது. மேலே இருந்த நேரத்துப் படிக்கணக்கும் வந்துவிட்டது. பேட்டரிக் கட்டுப்பாடுதான் காரணம். கூட வேலை செய்யும் நண்பர்களின் போன்களிலும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

அவர்களில் ஒருவருக்கு மட்டும் அழைப்பு வருகிறது, வாட்ஸ்அப் செய்தி வருவதில்லை. அவருடைய வாட்ச் பெட்டியில் இருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, செயலியை நேராக இறக்கியிருக்கிறார். அறிவிப்பு அணுகலைப் போடப் போனால் அந்த இடமே மங்கலாக இருக்கிறது, தொட முடியவில்லை.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

அந்தப் போன் ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் இருக்கும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கிய செயலிகளுக்கு, பிறருடைய அறிவிப்புகளைப் படிக்கும் அணுகலை 2022இல் வந்த அந்தப் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு தடுத்து வைக்கிறது. நல்ல காரணத்துக்காகத்தான். அறிவிப்பைப் படிக்க முடிகிற செயலி உங்கள் ஓடிபியையும் படிக்க முடியும். செயலியின் தகவல் பக்கத்தில் மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் தடையை நீக்கும் வழி உண்டு. ஆனால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அந்தச் செயலியை அழித்துவிட்டு, அதே பெயரில் அதே கம்பெனியின் செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். பெருமாள்புரத்துத் தம்பியின் அம்மா எதற்கும் வேண்டாம் என்று அழுத்தினார்களே, அந்தக் கவனம் இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் வேண்டும்.

பிளே ஸ்டோர்ச் செயலியில் அறிவிப்பு அணுகலைப் போட்ட பிறகு, செயலிக்குள் எந்தெந்தச் செயலிகளின் செய்தி வர வேண்டும் என்ற பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாட்சில் தொந்தரவு செய்யாதே நிலை போட்டிருந்தாலும் வராது, அதையும் பாருங்கள்.


அம்பை ஆசிரியை

எனக்குச் செய்தி வருகிறது, படிக்கத்தான் முடியவில்லை. தமிழில் வந்தால் கட்டம் கட்டமாக வருகிறது. என் போனில் எல்லாப் பெயர்களையும் தமிழில்தான் பதிந்து வைத்திருக்கிறேன், அதனால் யார் அழைக்கிறார்கள் என்றும் தெரிவதில்லை. தோழியின் வாட்சில் எழுத்து வருகிறது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

அக்கா, இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். இணைப்பில் குறை இல்லை. கட்டம் வருகிறது என்றால் வாட்சின் மென்பொருளில் தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பு இடம் மாறுகிறது என்றால் எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோக்கும் பகுதி இல்லை. 'கெ' என்று நாம் எழுதும்போது ஒருங்குறியில் (யூனிகோட்) ககரம் முதலிலும் கொம்பு பிறகும் பதிவாகும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டிய வேலை கருவியுடையது. விலை குறைந்த வாட்சுகளில் அந்த வேலையைச் செய்து வைப்பதில்லை.

செயலியில் வாட்சின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாட்சில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது, போனைப் பக்கத்திலேயே வைத்து, முடியும்வரை இரண்டையும் தொடாமல் செய்யுங்கள். நடுவில் அறுந்தால் வாட்ச் எழாமலே போகலாம். புதுப்பிப்பிலும் வராவிட்டால், அவசரத்துக்குத் தேவைப்படும் நாலைந்து பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் பதிந்துகொள்வதுதான் இப்போதைக்கு வழி. புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே வாட்சைச் சேர்க்கச் சொல்லி, 'கொக்கிரகுளம்' என்று தமிழில் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கம்பெனிகளுக்கும் எழுதுங்கள். நம் ஊரில் விற்கும் பொருள் நம் எழுத்தைக் காட்ட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.


அம்பை ஆசிரியை

புதுப்பிப்பு ஒன்று இருந்தது, போட்டேன். கட்டங்கள் போய் எழுத்து வருகிறது. கொம்பு மட்டும் பின்னால்தான் நிற்கிறது. படித்துவிட முடிகிறது. கம்பெனிக்கு இன்றே எழுதுகிறேன்.


மேலப்பாளையம் மாணவி

கடைசியாக என் கேள்வி. என்னிடம் ஐபோன் இருக்கிறது. தெரிந்த ஒருவர் பழைய சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4 விற்கிறார், இன்னொருவர் ஆப்பிள் வாட்ச் விற்கிறார். எதை வாங்கலாம்?


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

கேலக்ஸி வாட்ச் 4 வேண்டாம், தங்கச்சி. 2021இல் வந்த அந்த வாட்ச் முதல் அந்த வரிசை ஐபோனோடு சேராது. எந்தச் செயலியாலும் சேர்க்க முடியாது. அதேபோல் ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் சேரும்.

ஆப்பிள் வாட்ச் வாங்குவதானால் பணம் கொடுக்கும் முன் ஒன்றைச் செய்யுங்கள். விற்பவர் தன் ஐபோனில் இருக்கும் வாட்ச் செயலியைத் திறந்து, உங்கள் கண் முன்னால் இணைப்பை நீக்க வேண்டும். அப்போது அவருடைய ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதைக் கொடுத்தால்தான் வாட்சின் பூட்டுக் கழலும். வாட்சிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஏற்காதீர்கள். அப்படி அழித்தாலும் பூட்டு அவர் கணக்கிலேயே இருக்கும். உங்கள் போனில் சேர்க்கும்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். அந்த நிலையில் என்னிடம் கொண்டு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஐபோன் மாடலுக்கும் அதன் ஐஓஎஸ் பதிப்புக்கும் அந்த வாட்ச் பொருந்துமா என்றும் முன்கூட்டியே பாருங்கள். புது வாட்ச் ஓஎஸ் பதிப்புகளுக்குப் புது ஐஓஎஸ் வேண்டும்.

ஐபோனில் வேறு கம்பெனிகளின் சாதாரண வாட்சை வாங்கினால், சேர்ந்த பிறகு புளூடூத் பட்டியலில் அதன் பெயர் பக்கத்தில் உள்ள வட்டக் குறியைத் தொட்டு, 'ஷேர் சிஸ்டம் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்பதைப் போடுங்கள். அது அணைந்திருந்தால் செய்தி எதுவும் வாட்சுக்கு வராது.


மேலப்பாளையம் மாணவி

விற்பவரிடம் கேட்டேன். அவருடைய ஐபோன் இப்போது அவரிடம் இல்லையாம், விற்றுவிட்டாராம். கணக்கும் கடவுச்சொல்லும் நினைவிருக்கிறது என்கிறார்.


ஜங்ஷன் பழுதுபார்ப்பவர்

அப்படியானால் வழி இருக்கிறது. ஏதாவது ஒரு கணினியில் ஐகிளவுட் இணையதளத்தில் அவர் கணக்கில் நுழைந்து, தன் சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்த வாட்சை நீக்கட்டும். நீக்கிய பிறகு வாட்சை உங்கள் ஐபோனோடு சேர்த்துப் பாருங்கள். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் கடைசிவரை போனால் பணத்தைக் கொடுங்கள்.